பித்தப்பை ஆபரேஷனில் பித்தக்குழாய் வெட்டுப்பட்டுவிட்டது: சட்டப்படி என்ன செய்யலாம்?

செல்வி_திண்டுக்கல் எழுதியது:

வணக்கம். என் அக்காவுக்காக இதை எழுதுகிறேன். வயது நாற்பது. வீட்டில் தையல் மெஷின் வைத்துத் தைப்பவள். பித்தப்பையில் கல் என்று எங்கள் பக்கத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளைகள் வழியாக) முறையில் பித்தப்பையை எடுத்தார்கள். சின்ன ஆபரேஷன், சீக்கிரம் எழுந்து நடமாடலாம் என்றார்கள். டிஸ்சார்ஜ் ஆகி வந்ததிலிருந்தே வயிறு உப்பிக்கொண்டு வலி. போன் செய்தால் 'கேஸ்தான், கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கள்' என்ற பதில்தான். நேரில் போனோம், ஊசி போட்டு அனுப்பினார்கள். அப்புறம் கண் மஞ்சளானது, குளிர்காய்ச்சல் வந்தது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பெரிய பித்தக்குழாய் வெட்டுப்பட்டிருக்கிறது, பித்தம் வயிற்றுக்குள் கசிகிறது என்று அங்கேதான் சொன்னார்கள். மறுபடியும் வயிற்றைத் திறந்து, பித்தக்குழாயைக் குடலோடு இணைக்கிற பெரிய ஆபரேஷன் செய்தார்கள். நகையெல்லாம் அடகில் இருக்கிறது. அக்கா இன்னும் மெஷினில் உட்காரவில்லை.

முதல் மருத்துவமனையில் கேட்டால், "இது எங்கே செய்தாலும் நடக்கக்கூடிய காம்ப்ளிகேஷன், நீங்கள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்கிறார்கள். கேஸ் ஷீட் கேட்டோம். டிஸ்சார்ஜ் சம்மரி தவிர எதுவும் தரமுடியாதாம். மாமா போலீஸுக்குப் போ என்கிறார். அத்தான் வக்கீல் நோட்டீஸ் போதும் என்கிறார். எதை முதலில் செய்யவேண்டும்?

வைகைக்கரை_வழக்கறிஞர் எழுதியது:

செல்விம்மா, போலீஸ், நோட்டீஸ் இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதல் வேலை கேஸ் ஷீட்டை வாங்குவது. தரமுடியாது என்று சொல்ல அவர்களுக்கு உரிமை கிடையாது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள்படி, உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்த ஆளோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும்.

வாயால் கேட்டால் வாயாலேயே மறுத்துவிடுவார்கள். அக்கா கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதுங்கள். உள்நோயாளி எண், சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி போட்டு, என்னென்ன வேண்டும் என்று பெயர் சொல்லியே கேளுங்கள்: ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, ஒப்புதல் படிவம், நர்ஸ்கள் எழுதிய தினசரிக் குறிப்பு, ட்ரெயின் பையில் (வயிற்றுத் திரவம் வெளியே வடிய வைக்கும் குழாயின் பை) எவ்வளவு, என்ன நிறத்தில் வந்தது என்ற அட்டவணை, ரத்தப் பரிசோதனை முடிவுகள், பில்கள். லேப்ராஸ்கோப்பி என்பதால் வீடியோ பதிவு செய்திருந்தால் அதன் நகலும் கேளுங்கள். நேரில் கொடுத்து இன்னொரு பிரதியில் சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். அப்படியும் தராவிட்டால், மறுத்தார்கள் என்பதே பிறகு நுகர்வோர் ஆணையத்தில் (நுகர்வோர் கோர்ட்) உங்கள் பக்கம் பேசும். மதுரையில் செய்த இரண்டாவது ஆபரேஷனின் முழுக் கோப்பையும் இப்போதே வாங்கிவிடுங்கள். அதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

ஊர்க்குருவி எழுதியது:

எல்லாம் ஒரே கூட்டம் சார். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எதிராகச் சாட்சி சொல்லவே மாட்டார். கேஸ் போட்டு வருஷக்கணக்கில் அலைவதுதான் மிச்சம். மருத்துவமனை வாசலில் உட்கார்ந்தால் நாலு நாளில் பணம் வரும்.

கத்திமுனை_மருத்துவர் எழுதியது:

நான் பொது அறுவை சிகிச்சை நிபுணர், அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். வாசலில் உட்காருவது, கூட்டம் சேர்ப்பது பற்றி முதலில் ஒரு வார்த்தை. 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு புற்றுநோய் மருத்துவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். மருத்துவமனையில் தகராறு செய்தால் 2008ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஜாமீனில் வரமுடியாத வழக்கு. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அன்றோடு குற்றவாளி நீங்கள்தான். தயவுசெய்து அந்தப் பேச்சு வேண்டாம்.

செல்வி, உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். பித்தக்குழாய் வெட்டுப்படுவது மட்டுமே அலட்சியத்துக்கு நிரூபணம் ஆகாது. லேப்ராஸ்கோப்பியில் ஆயிரம் பேருக்குச் செய்தால் மூன்று முதல் ஐந்து பேருக்கு இது நடக்கிறது என்று உலகம் முழுவதும் எழுதியிருக்கிறார்கள். பித்தப்பையிலிருந்து வருகிற சின்னக் குழாயும் கல்லீரலிலிருந்து வருகிற பெரிய குழாயும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அழற்சியால் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும்போது கைதேர்ந்தவருக்கும் பெரிய குழாய் சின்னதாகத் தெரியும். அதனால்தான், பித்தப்பைக்குள் போகிறவை இரண்டே இரண்டுதான், ஒரு குழாய், ஒரு ரத்தக்குழாய் என்று கண்ணால் உறுதி செய்துகொண்ட பிறகே கிளிப் போடவேண்டும் என்று 1995இலிருந்து சொல்லிக்கொடுக்கிறோம். அப்படித் தெளிவாகத் தெரியாவிட்டால் நிறுத்தலாம், வயிற்றைத் திறந்து செய்யலாம், மூத்தவர் ஒருவரை அழைக்கலாம்.

எனவே கோப்பு வந்ததும் நான் தேடுவது வேறு இடங்களில். ஆபரேஷன் குறிப்பில் அந்த இடத்தைத் தெளிவாகப் பார்த்ததாக எழுதியிருக்கிறாரா, இல்லை 'பித்தப்பை அகற்றப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாரா? ட்ரெயினில் பித்தம் வந்ததா? வயிறு உப்பியபோது ஸ்கேன் எடுத்தார்களா, கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்தார்களா? மேல் சிகிச்சைக்கு எப்போது அனுப்பினார்கள்? வெட்டுப்பட்டதை மேஜையிலேயே கண்டுபிடித்துத் தகுந்த இடத்துக்கு அனுப்பிய மருத்துவரை நான் குறை சொல்லமாட்டேன். மஞ்சள் காமாலை வரும்வரை 'கேஸ்' என்று சொல்லிக்கொண்டிருந்தவரை எனக்கும் காப்பாற்றத் தோன்றாது. அக்காவின் வயிற்றுக்குள் பித்தம் தேங்கியதும் தொற்று ஏறியதும் அந்த நாட்களில்தான்.

வைகைக்கரை_வழக்கறிஞர் எழுதியது:

டாக்டர் ஐயா சொன்னதைத்தான் சட்டமும் சொல்கிறது. ஜேக்கப் மாத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இதுதான்: அந்தத் துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் காட்டவேண்டிய கவனத்தை இவர் காட்டினாரா? பலன் கெட்டுப்போனது என்பதற்காக மட்டும் யாரும் குற்றவாளி ஆகமாட்டார். 2024 அக்டோபரில்கூட சண்டிகரில் ஒரு குழந்தையின் கண்ணிமை ஆபரேஷன் வழக்கில், ஆபரேஷனுக்குப் பிறகு நிலைமை மோசமானதாலேயே அலட்சியம் என்று சொல்லமுடியாது என்று உச்ச நீதிமன்றம் மருத்துவர் பக்கம் தீர்ப்பளித்தது.

ஊர்க்குருவி தம்பி கேட்டதற்கு வருகிறேன். சாட்சி சொல்ல டாக்டர் கிடைப்பது கஷ்டம்தான். ஆனால் எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயம் இல்லை என்று கிஷன் ராவ் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மலேரியா வந்த பெண்ணுக்கு டைபாய்டுக்கு மருந்து கொடுத்த வழக்கு அது. தப்பு வெளிப்படையாகத் தெரிகிற இடத்தில் நிபுணர் வேண்டியதில்லை. உங்கள் கேஸுக்கு இன்னும் நெருக்கமாக ஒன்று இருக்கிறது. 2004இல் பஞ்சாபில் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண் இறந்துபோனார். மருத்துவக் கவுன்சில் விசாரித்து மருத்துவர்கள்மேல் தவறு கண்டது. தேசிய நுகர்வோர் ஆணையம் அதைக் கணக்கில் எடுக்காமல் புகாரைத் தள்ளிவிட்டது. உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம், கவுன்சிலின் முடிவைப் புறக்கணித்தது தவறு என்று சொல்லி 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. ஹர்னேக் சிங் வழக்கு என்று தேடினால் கிடைக்கும்.

அதனால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் ஒரு புகார் கொடுத்து வைப்பது நல்லது. கவுன்சில் பணம் வாங்கித்தராது. எச்சரிக்கும், பதிவைச் சில காலமோ நிரந்தரமாகவோ நீக்கும், அவ்வளவுதான். ஆனால் அங்கே மருத்துவர்களே உட்கார்ந்து எழுதுகிற முடிவு உங்களுக்கு நிபுணர் கருத்தாகப் பயன்படும்.

தியேட்டர்_சிஸ்டர் எழுதியது:

ஆபரேஷன் தியேட்டரில் நீண்ட காலம் வேலை பார்த்தவள் என்ற முறையில் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். டாக்டர் எழுதுகிற குறிப்பு பிறகு அழகாக எழுதப்படலாம். ஆனால் வார்டில் நர்ஸ் எழுதுவது ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் அந்தந்த நேரத்தில் எழுதப்படுவது. ராத்திரி வலி என்று நோயாளி சொன்னது, டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டது, அவர் என்ன சொன்னார் என்பது, எல்லாம் அதில் இருக்கும். அக்காவுக்கு வேண்டியது பெரும்பாலும் அந்தப் பக்கங்களில்தான் கிடைக்கும். முழுக் கோப்பு என்று சொல்லி அந்தப் பக்கங்களை மட்டும் விட்டுவிட்டுக் கொடுத்தால் விடாதீர்கள்.

கரூர்_ராஜேந்திரன் எழுதியது:

இதையொட்டி ஒரு சந்தேகம். என் மனைவிக்கு அரசு மருத்துவமனையில் சிசேரியன் நடந்தது. அதன் பிறகு அடிவயிற்றில் தீராத வலி. சமீபத்தில் ஸ்கேன் எடுத்தபோது உள்ளே துணி மாதிரி ஏதோ இருக்கிறது என்கிறார்கள். அரசு மருத்துவமனைமேல் நுகர்வோர் கோர்ட்டில் போகமுடியாது என்று சொல்கிறார்களே, உண்மையா? குழந்தைக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. காலம் கடந்துவிட்டதா?

தியேட்டர்_சிஸ்டர் எழுதியது:

ராஜேந்திரன் சார், படிக்கவே வருத்தமாக இருக்கிறது. ரத்தம் உறிஞ்ச வைக்கிற துணியை நாங்கள் மாப் என்போம். ஆபரேஷன் தொடங்கும் முன் எத்தனை மாப், எத்தனை காஸ் துணி, எத்தனை கருவி என்று இரண்டு பேர் சத்தமாக எண்ணிப் பலகையில் எழுதவேண்டும். வயிற்றை மூடும் முன் மறுபடி எண்ணவேண்டும். தோலைத் தைக்கும்போது இன்னொரு முறை. எண்ணிக்கை இடித்தால் மூடக்கூடாது, எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும். மாப்பில் நீல நிறத்தில் ஓர் இழை ஓடும், எக்ஸ்ரேயில் தெரிவதற்காகவே அது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொடுத்த அறுவைப் பாதுகாப்புப் பட்டியலிலும் இந்த எண்ணிக்கை இருக்கிறது. டெல்லி உட்பட எட்டு ஊர் மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலைப் பின்பற்றிப் பார்த்தபோது ஆபரேஷனுக்குப் பிந்தைய மரணம் நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8ஆகக் குறைந்தது. ஒரு பக்கத் தாள்தான். அவசர சிசேரியன், ராத்திரி நேரம், ஆள் பற்றாக்குறை என்றால் முதலில் கைவிடப்படுவது இந்த எண்ணிக்கைதான். அது எனக்குப் பொறுக்காத விஷயம்.

எண்ணிக்கைத் தாளைக் கேளுங்கள். கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருப்பதை வெளியே எடுக்கும்போது அந்தப் பொருளைப் பதிவு செய்து, படம் எடுத்து, நோய்க்கூறு ஆய்வுக்கு அனுப்பும்படி இப்போதே அந்த மருத்துவரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். குப்பைக்குப் போய்விட்டால் பிறகு ஒன்றும் செய்யமுடியாது.

வைகைக்கரை_வழக்கறிஞர் எழுதியது:

ராஜேந்திரன் சார், இரண்டு கேள்வியும் முக்கியமானவை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995இல், வி.பி. சாந்தா வழக்கில். அதே தீர்ப்பில் ஒரு கோடு போட்டார்கள். எல்லோருக்கும் எல்லாமே இலவசமாகச் செய்கிற மருத்துவமனை உள்ளே வராது. சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்கிற இடமென்றால், இலவச நோயாளியும் நுகர்வோர்தான். எனவே நீங்கள் சொல்லும் மருத்துவமனையில் கட்டண வார்டு உண்டா என்று முதலில் பாருங்கள்.

அது இல்லையென்றாலும் வழி அடைபடவில்லை. சிவில் வழக்கு இருக்கிறது, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு இருக்கிறது. 1963இல் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பின் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தார்கள். வயிற்றுக்குள் துணியை விட்டுவிட்டார்கள். அவர் இறந்துபோனார். வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது 1996இல். வயிற்றுக்குள் துணி இருந்தது என்பதே போதும், அலட்சியத்தைத் தனியாக நிரூபிக்கவேண்டியதில்லை, தன் ஊழியர் செய்ததற்கு அரசு பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. ஆபரேஷன் நடந்து 33 ஆண்டு கழித்துக் கிடைத்த நீதி என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பு இன்றைக்கும் உங்களுக்குக் கை கொடுக்கும். நம் ஊரிலேயே, 1996இல் எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கண் பரிசோதனை செய்யச் சொல்லாததால் பார்வை போனது. உச்ச நீதிமன்றம் 2015இல் சுமார் 1.8 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது, அதில் பெரும்பகுதி தமிழ்நாடு அரசின் பொறுப்பு.

இனி காலக்கெடு. நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டு. எந்த நாளிலிருந்து 2 ஆண்டு என்பதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்ரீகண்டே வழக்கு (2010) என்று ஒன்று உண்டு. 1993இல் ஒரு பெண்ணுக்குப் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். வலி தொடர்ந்து இருந்தது. 2002இல் வேறு மருத்துவமனையில் திறந்தபோது காஸ் துணி உள்ளே இருந்தது தெரிந்தது. 2004இல் புகார் கொடுத்தார், கண்டுபிடித்ததிலிருந்து 2 ஆண்டுக்குள். ஆனாலும் உச்ச நீதிமன்றம் காலம் கடந்தது என்று தள்ளிவிட்டது. காரணம் என்ன தெரியுமா? அவரே ஒரு நர்ஸ். ஒன்பது ஆண்டு வலியோடு இருந்தும் ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் திரும்பப் போகவில்லை, இது இயல்பாக இல்லை என்றது நீதிமன்றம். அதே தீர்ப்பில், பாதிப்பை நோயாளியால் தெரிந்துகொள்ளவே முடியாத நிலையில் கண்டுபிடித்த நாளிலிருந்து கணக்கிடலாம் என்ற கொள்கையையும் பேசியிருக்கிறார்கள். ஆகவே உங்கள் மனைவி இத்தனை நாளில் வலிக்காக எங்கெல்லாம் போனார், எந்த வெளிநோயாளி சீட்டு, எந்த மாத்திரைச் சீட்டு என்று எல்லாவற்றையும் தேடி எடுங்கள். அரசு மருத்துவமனைப் பதிவுகளை நேரில் தரமறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தரவேண்டும். ஸ்கேன் வந்த தேதியைக் குறித்துவைத்து, ஒரு நாளும் வீணாக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

உங்கள் மனைவி பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். இது செல்வியின் அக்காவுக்கும் பொருந்தும்.

மலையாளக்கரை_தமிழன் எழுதியது:

கோழிக்கோட்டில் நடந்ததையும் ராஜேந்திரன் பார்க்கவேண்டும். 2017இல் அரசு மருத்துவக் கல்லூரியில் சிசேரியன் செய்துகொண்ட பெண்ணின் வயிற்றிலிருந்து 2022இல் கத்தரி போன்ற ஒரு கருவியை எடுத்தார்கள். அவருக்கு அதற்கு முன்பும் வேறு இடத்தில் சிசேரியன் நடந்திருந்தது. எந்த ஆபரேஷனில் விட்டது என்று பெரிய சண்டை. மருத்துவ வாரியம் இந்த ஆபரேஷனில்தான் என்று சொல்லமுடியாது என்றது. போலீஸ் விசாரணையில் அதற்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கிடைத்தது. அதில் உலோகம் எதுவும் இல்லை. அதை வைத்துத்தான் மருத்துவர்கள், நர்ஸ்கள்மேல் குற்றப்பத்திரிகை போட்டார்கள். அந்தப் பெண் ஆஸ்பத்திரி வாசலில் பந்தல் போட்டு மாதக்கணக்கில் போராடினார், மறுக்கவில்லை. ஆனால் வழக்கை நிமிர்த்தியது ஒரு பழைய ஸ்கேன். வீட்டில் இருக்கிற எந்த ஃபிலிமையும் தூக்கிப் போடாதீர்கள்.

பெயர்_வேண்டாம் எழுதியது:

எங்கள் அப்பா வழக்கில் நாங்கள் தோற்றோம். குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு மறுநாள் விடியற்காலை இறந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். உடலைச் சீக்கிரம் எடுத்துக்கொண்டு போகும்படி மருத்துவமனையே ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்துகொடுத்தது. பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. ஆணையத்தில் எங்களிடம் கேட்ட முதல் கேள்வியே, எதனால் இறந்தார் என்பதற்கு என்ன ஆதாரம் என்பதுதான். உள்ளே ரத்தக் கசிவு இருந்திருக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. நம்பிக்கையை ஆணையம் ஏற்காது. துக்க வீட்டில் யாருக்கும் உடலை அறுக்கச் சொல்ல மனம் வராது, எனக்குத் தெரியும். ஆனாலும் மரணத்தில் சந்தேகம் இருந்தால் அன்றைக்கே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, அரசு மருத்துவமனையில் பரிசோதனை கேளுங்கள். ராஜேந்திரன், செல்வி, உங்கள் இருவர் வீட்டிலும் ஆள் உயிரோடு இருக்கிறார்கள். அது பெரிய விஷயம்.

ஊர்க்குருவி எழுதியது:

சரி, அப்படியென்றால் போலீஸில் புகார் கொடுக்கவே கூடாதா? தப்பு செய்தவன் காசு கொடுத்துவிட்டுப் போய்விடலாமா?

வைகைக்கரை_வழக்கறிஞர் எழுதியது:

கொடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை தம்பி. குற்ற வழக்குக்குச் சாதாரண அலட்சியம் போதாது, மிக மோசமான அலட்சியமாக இருக்கவேண்டும் என்று அதே ஜேக்கப் மாத்யூ தீர்ப்பு சொல்கிறது. போலீஸ் முதலில் வேறொரு மருத்துவரிடம், கூடுமானவரை அரசு மருத்துவரிடம், கருத்து வாங்கவேண்டும். எடுத்த எடுப்பில் கைது செய்யவும் கூடாது. 2024 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் 106ஆவது பிரிவு அலட்சியத்தால் நேர்ந்த மரணத்துக்கு. மருத்துவ நடைமுறையின்போது மருத்துவரால் நேர்ந்த மரணத்துக்கு அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. உயிர் போகாத காயம் என்றால் 125ஆவது பிரிவு.

2022 நவம்பரில் சென்னையில் ஒரு கால்பந்து வீராங்கனை இறந்தது நினைவிருக்கும். மூட்டு ஜவ்வுக்கு ஆபரேஷன் செய்து, இறுக்கமான கட்டால் ரத்த ஓட்டம் நின்று, காலை எடுத்து, அப்புறம் உயிரும் போனது. பதினேழு வயது. அந்த மாதிரி இடத்தில் குற்ற வழக்கு தேவைதான். செல்வியின் அக்கா விஷயத்தில் குற்ற வழக்கை முன்னால் நிறுத்தினால், மருத்துவ வாரியம் 'தெரிந்த காம்ப்ளிகேஷன்தான்' என்று ஒரு வரி எழுதிவிடும். அந்த வரியை எதிர்த்தரப்பு நுகர்வோர் ஆணையத்திலும் காட்டும். அதனால்தான் முதலில் வேண்டாம் என்றேன்.

செல்வி_திண்டுக்கல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடிதம் தபாலில் போன பிறகு கோப்பைக் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் ஐயா சொன்ன இடங்களைப் பார்த்தேன். ஆபரேஷன் குறிப்பு மொத்தம் ஐந்து வரி. நர்ஸ் குறிப்பில், ஆபரேஷனுக்கு மறுநாள் ட்ரெயினில் 'பித்தம் கலந்த திரவம்' என்று எழுதி, டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது என்றும் இருக்கிறது. அதன் பிறகு ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ எதுவும் இல்லை. ட்ரெயினை எடுத்துவிட்டு டிஸ்சார்ஜ் செய்திருக்கிறார்கள். ஒப்புதல் படிவம் முழுக்க ஆங்கிலத்தில் அச்சடித்தது. என்ன ஆபரேஷன் என்ற இடம் காலியாக இருக்கிறது. கையெழுத்து அத்தானுடையது, அக்காவுடையது இல்லை.

நேற்று மருத்துவமனை மேலாளர் போன் செய்தார். ஆபரேஷன் பில் தொகையைத் திருப்பித் தருகிறோம், ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார். அத்தான் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்.

கத்திமுனை_மருத்துவர் எழுதியது:

ட்ரெயினில் பித்தம் தெரிந்த பிறகு அதை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றால், இதற்குச் சமாதானம் சொல்ல என்னால் முடியவில்லை. பித்தம் வந்தால் ட்ரெயினை வைத்திருக்கவேண்டும், ஸ்கேன் எடுக்கவேண்டும், தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி வசதி உள்ள இடத்துக்கு அன்றே அனுப்பவேண்டும். பயிற்சி மருத்துவருக்குக்கூடத் தெரிந்த விஷயம். எனக்குத் தனிச்செய்தியில் கோப்பின் நகலை அனுப்புங்கள். நான் எழுத்தில் கருத்துத் தருகிறேன், தேவைப்பட்டால் ஆணையத்துக்கும் வருகிறேன்.

வைகைக்கரை_வழக்கறிஞர் எழுதியது:

டாக்டர் ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

செல்வி, அந்தப் பேப்பரில் 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்' என்று இருக்கும். அத்தானை அதில் கையெழுத்துப் போட விடாதீர்கள். பேசி முடிப்பதில் தப்பே இல்லை. ஆனால் இரண்டாவது ஆபரேஷன் செலவு, அக்கா இழந்த வருமானம், கூட இருந்து பார்த்தவரின் செலவு, இனிமேல் ஆகப்போகிற பரிசோதனைச் செலவு, அவள் பட்ட வேதனை எல்லாம் அந்தக் கணக்கில் வரவேண்டும். முதல் பில்லை மட்டும் திருப்பித் தருவது தீர்வே இல்லை.

ஒப்புதல் படிவம் பற்றி. சமீரா கோலி வழக்கில் (2008), பரிசோதனைக்காக மயக்கம் கொடுத்த பெண்ணின் கருப்பையை எடுத்துவிட்டார்கள். அவர் மயக்கத்தில் இருந்தபோது வெளியே இருந்த தாயிடம் கையெழுத்து வாங்கினார்கள். வயது வந்த, சுயநினைவோடு ஒப்புதல் தரக்கூடிய நோயாளி இருக்கும்போது மற்றவர் ஒப்புதல் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அவருக்குக் கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய்தான், அது எனக்கு இன்றும் குறைவாகவே படுகிறது. ஆனால் அந்தச் சட்டம் உறுதியாக நிற்கிறது. சரியான ஒப்புதல் இருந்தாலும் அது ஆபத்துக்கு ஒப்புக்கொண்டது, அலட்சியத்துக்கு அல்ல.

புகாரை மாவட்ட ஆணையத்தில் கொடுங்கள். நீங்கள் மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்டம்தான், கேட்கும் இழப்பீடு எவ்வளவு என்பது கணக்கில்லை. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. அக்கா குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். மருத்துவமனை, ஆபரேஷன் செய்த மருத்துவர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். வெளியிலிருந்து வந்த மருத்துவர், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்பார்கள், அது எடுபடாது. அவர்கள் 30 நாளில் பதில் தரவேண்டும், கூடுதலாக 15 நாள் கேட்கலாம், அதற்குமேல் கிடையாது. தீர்ப்பு வந்து அவர்கள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போனால் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போகமுடியும். காலம் பிடிக்கும், அதை மறைக்கமாட்டேன்.

செல்வி_திண்டுக்கல் எழுதியது:

அத்தானிடம் இதைப் படித்துக் காட்டினேன். பணம் வேண்டாம் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டார். இன்னும் ஒரே ஒரு சந்தேகம். முதல் ஆபரேஷனுக்குப் பாதிச் செலவு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போனது. அதனால் நாங்கள் நுகர்வோர் இல்லை என்று சொல்வார்களா? மதுரை மருத்துவமனையையும் வழக்கில் சேர்க்கவேண்டுமா?

வைகைக்கரை_வழக்கறிஞர் எழுதியது:

சொல்லிப் பார்ப்பார்கள். ஆனால் செலவைக் காப்பீடு ஏற்றுக்கொண்டால் அது இலவச சேவை ஆகாது என்று சாந்தா தீர்ப்பிலேயே இருக்கிறது, தவிர மீதிப் பாதிக்கு உங்கள் கையில் ரசீது இருக்கிறது. மதுரை மருத்துவமனையை எதிர்த்தரப்பாகச் சேர்க்காதீர்கள். அங்கே ஆபரேஷன் செய்தவர் தன் குறிப்பில் எந்தக் குழாயில் கிளிப் இருந்தது என்று எழுதியிருப்பார். அந்தப் பக்கத்தில் மருத்துவமனை முத்திரையோடு சான்றொப்பம் வாங்குங்கள். அவரைச் சாட்சியாக அழைக்கவேண்டி வந்தால் ஆணையம் வழியாகக் கேள்வித்தாள் அனுப்பிக்கொள்ளலாம், அவர் நேரில் அலையவேண்டியதில்லை. புகார் அக்கா பெயரிலேயே இருக்கட்டும். பிரமாணப் பத்திரத்தில் அவர் கையெழுத்து வேண்டும். திங்கள்கிழமை கோப்போடு வாருங்கள், தேதிவாரிப் பட்டியலை உட்கார்ந்து எழுதிவிடலாம்.